ரேஷன் அட்டைக் குறியீடு: உங்களுக்கு அரிசி தருவது யார், எந்தக் கணக்கில்?

மாதத் தொடக்கத்தில் ஏதாவது ஒரு ரேஷன் கடை வரிசையில் சிறிது நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்செல்லாம் காதில் விழும். "என்பிஎச்எச் அட்டைக்கு இனிமேல் அரிசி கிடையாதாம்." "பிஎச்எச்னு இருந்தாத்தான் ஆயிரம் ரூபாய் வருமாம்." "எல்லாம் மத்திய அரசு அரிசிதான், இவங்க சும்மா பேர் வாங்கிக்கிறாங்க." இதற்கு நேர் எதிராகப் பேசுபவரும் அதே வரிசையில் நிற்பார். வரிசையில் நிற்காதவர்கள் சமூக ஊடகத்தில் "ஓசி அரிசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இந்தக் குழப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அட்டையில் அச்சிட்டிருக்கும் குறியீடு நம் வறுமையின் அளவைச் சொல்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது சொல்வது வேறு: உங்கள் வீட்டு அரிசிக்கான பணம் எந்த அரசின் கணக்கிலிருந்து, எந்தச் சட்டத்தின் பேரில் போகிறது என்பதுதான். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

முதலில் அட்டையைக் கையில் எடுங்கள்

தமிழ்நாட்டில் 2017இல் பழைய காகித அட்டை போய் ஸ்மார்ட் அட்டை வந்தது. குடும்பத் தலைவரின் படம் இருக்கும் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் ஒரு குறியீடு இருக்கும். மொத்தம் ஐந்து வகை.

பிஎச்எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதனுடன் ஏஏஒய் என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா அட்டை. மிகவும் நலிந்த குடும்பங்களுக்கானது, மாதம் 35 கிலோ அரிசி. என்பிஎச்எச் என்றால் முன்னுரிமைப் பட்டியலில் இல்லாத குடும்பம், ஆனால் அரிசி உண்டு. இந்த மூன்றுக்கும் அரிசி இலவசம். என்பிஎச்எச்-எஸ் என்பது சர்க்கரை அட்டை. அரிசி வேண்டாம், அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை போதும் என்றவர்களுக்கு. கடைசியாக என்பிஎச்எச்-என்சி, பொருள் எதுவும் வேண்டாம், முகவரிச் சான்றுக்கு அட்டை இருந்தால் போதும் என்றவர்களுக்கு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. என்பிஎச்எச் என்பதற்கும் என்பிஎச்எச்-எஸ் என்பதற்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஒன்றில் அரிசி உண்டு, மற்றதில் இல்லை. "என்பிஎச்எச்சுக்கு அரிசி கிடையாது" என்ற வதந்தி பாதி இந்த ஓர் எழுத்திலிருந்துதான் கிளம்புகிறது.

ஆயிரம் ரூபாய் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2023இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த அளவுகோல் வேறு: ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள், நஞ்சை என்றால் 5 ஏக்கருக்குள், புஞ்சை என்றால் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று போகிறது அந்தப் பட்டியல். பிஎச்எச்சா என்பிஎச்எச்சா என்பது அந்த அளவுகோலில் இல்லை.

சுருக்கமாக: ஐந்து குறியீடுகளில் மூன்றுக்கு இலவச அரிசி உண்டு. என்பிஎச்எச் அந்த மூன்றில் ஒன்று.

எல்லோருக்கும் ஏன்?

"வசதியானவனுக்கும் ரேஷன் அரிசி எதுக்கு? ஏழைக்கு மட்டும் கொடுத்தால் என்ன?" நியாயமாகத் தோன்றும் கேள்வி. ஒரு தெருக் குழாயை நினைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் குடம் வைக்கலாம். வீட்டில் போர் போட்டவர், கேன் தண்ணீர் வாங்குபவர் அந்த வரிசைக்கு வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அவருக்குத் தேவை இல்லை, அவ்வளவுதான். இப்போது குழாயடியில் ஓர் அதிகாரியை நிறுத்தி, வருமானச் சான்றிதழ் காட்டினால்தான் குடம் வைக்கலாம் என்று சொன்னால் என்ன ஆகும்? போர் போட்டவர் எப்படியாவது ஒரு சான்றிதழ் வாங்கிவிடுவார். தாலுகா அலுவலகத்துக்கு அலைய ஒரு நாள் கூலியை விட முடியாத பெண்தான் காலிக் குடத்தோடு திரும்பிப் போவார்.

ரேஷனில் இது வெறும் கற்பனை இல்லை. 1997இல் ஒன்றிய அரசு, பொது விநியோகத் திட்டத்தை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தது. பொது விநியோகத் திட்டம் என்பது நாம் ரேஷன் என்று சொல்லும் ஏற்பாட்டின் அரசாங்கப் பெயர். தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்து, கேட்கும் எல்லோருக்கும் அட்டை என்ற வழியிலேயே நின்றது. 2004-05ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளை வைத்துப் பொருளியலாளர்கள் கணக்கிட்டபோது, இந்திய அளவில் ரேஷன் தானியத்தில் பாதிக்கு மேல் உரியவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் எளிது. ஊரில் பாதிப் பேர் வாங்கும் கடையில் அரிசி குறைந்தால் ஊரே கேள்வி கேட்கும். ஏழைகள் மட்டும் வாங்கும் கடையில் குறைந்தால் கேட்க ஆள் இருக்காது.

இங்கேயும் ஒரு முறை அந்த அதிகாரியை நிறுத்திப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில், மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டிய குடும்பங்களின் அட்டையில் "எச்" முத்திரை போட்டு அரிசியை நிறுத்தினார்கள். பெரிய அதிருப்தி கிளம்பியது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு அந்த முத்திரை திரும்பப் பெறப்பட்டது. அந்தக் காலத்து "எச் கார்டு" கதையை இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அட்டைக் குறியீடு பற்றி எந்த வதந்தி வந்தாலும் அவர்கள் பதறுவதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, எல்லோருக்கும் என்றுதான் முடிவென்றால் பிஎச்எச், என்பிஎச்எச் என்ற பிரிவு எங்கிருந்து வந்தது?

2013 சட்டம் செய்தது என்ன

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதுவரை ரேஷன் என்பது அரசு நடத்தும் ஒரு திட்டம். வேண்டுமானால் கூட்டலாம், குறைக்கலாம். சட்டம் வந்தபின் அது உரிமை. முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம், அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அட்டையில் குடும்பத் தலைவராக 18 வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்ணே இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில்தான் வருகிறது.

ஆனால் சட்டம் எல்லோரையும் சேர்க்கவில்லை. கிராமப்புறத்தில் 75 சதவீதம் வரை, நகர்ப்புறத்தில் 50 சதவீதம் வரை என்று நாட்டுக்கு ஒரு மொத்த வரம்பு வைத்தது. அதை மாநிலங்களுக்குப் பிரித்தபோது, கொஞ்சம் முன்னேறிய மாநிலங்களுக்குப் பங்கு குறைந்தது. தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் சுமார் 62 சதவீதம், நகரத்தில் சுமார் 38 சதவீதம்தான். ஆளாகக் கணக்கிட்டால் சுமார் 3 கோடியே 64 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். ஆக, ஏறத்தாழ பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே.

தமிழ்நாடு இந்தச் சட்டத்தை உடனே ஏற்கவில்லை; 2016 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைப்படுத்தியது. அப்போது எடுத்த முடிவுதான் இன்றைய என்பிஎச்எச் அட்டையின் பிறப்பு: சட்டத்துக்குள் வருபவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்வோம், வெளியே நிற்பவர்களுக்கும் அரிசியை நிறுத்த மாட்டோம், அந்தச் செலவை மாநிலமே ஏற்கும்.

வறுமையில் இருக்கும் ஒரு குடும்பம் புது அட்டைக்கு விண்ணப்பித்து, கையில் என்பிஎச்எச் வந்தால் மனம் நோகத்தான் செய்யும். "எங்களைப் பணக்காரங்கன்னு போட்டுட்டாங்க" என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் நிலையைக் குறைத்து மதிப்பிட்டு எழுதிய முத்திரை அல்ல அது. ஒன்றிய அரசின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கிறது, அதுவும் 2011 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் பிரிந்த குடும்பங்களுக்கும் அந்த வரம்பில் இடம் கூடவில்லை. மற்ற பல மாநிலங்களில் இப்படி வெளியே விழுந்தவர்களுக்குத் தானியமே இல்லை. அது எனக்கு இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறையாகப் படுகிறது.

காசு யார் கொடுக்கிறார்கள்?

சட்டம் வந்தபோது முன்னுரிமை அட்டைக்கு அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்று விலை வைத்திருந்தது. 2023 ஜனவரியிலிருந்து அதையும் ஒன்றிய அரசு நீக்கிவிட்டது. 2024 ஜனவரியில் இந்த இலவசத்தை ஐந்தாண்டுக்கு நீட்டித்தது. ஆக, பிஎச்எச் அட்டையில் ஒருவருக்கு 5 கிலோ என்ற அளவு வரை அரிசியின் விலை ஒன்றிய அரசின் கணக்கு.

என்பிஎச்எச் அட்டைக்கு வேறு வழி. புதிய சட்டத்தால் எந்த மாநிலத்துக்கும் முன்பு வந்துகொண்டிருந்த தானியம் குறைந்துவிடக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு சட்டத்தில் உண்டு. தமிழ்நாட்டுக்கு அது ஆண்டுக்கு 36.78 லட்சம் டன். இதில் முன்னுரிமைப் பட்டியலுக்குப் போனது போக மீதியை ஒன்றிய அரசு கிலோ 8 ரூபாய் 30 காசுக்கு மாநிலத்துக்குத் தருகிறது. மாநில அரசு அந்தப் பணத்தைக் கட்டி வாங்கி, நமக்கு இலவசமாகத் தருகிறது. அதற்கும் மேல் தேவைப்பட்டால் அதிக விலைக்கு வாங்க வேண்டும். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பது முழுக்க மாநிலத்தின் மானியம். மானியம் என்றால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கட்டுவது. இப்படி உணவு மானியத்துக்குத் தமிழ்நாடு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கிலோ அரிசியை விவசாயியிடம் வாங்கி, அரைத்து, சேமித்து, கொண்டுபோய்ச் சேர்க்க, ஒன்றிய அரசின் நிறுவனமான இந்திய உணவுக் கழகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு சுமார் 40 ரூபாய். அப்படியென்றால் 8 ரூபாய் 30 காசு அரிசியிலும் பெரும்பங்கு ஒன்றிய அரசின் மானியம்தான்.

சுருக்கமாக: "எல்லாம் மத்திய அரசு அரிசி" என்பதும் தவறு, "எல்லாம் மாநில அரசு அரிசி" என்பதும் தவறு. பிஎச்எச் அட்டைக்குப் பெரும்பாலும் ஒன்றியக் கணக்கு. என்பிஎச்எச் அட்டையை இலவசமாக்குவது மாநிலக் கணக்கு. இரண்டு கணக்கிலும் இருப்பது நாம் கட்டும் வரி; தீப்பெட்டி வாங்கும்போது வரிசையில் நிற்கும் பெண்ணும் கட்டும் வரி. அதனால்தான் "ஓசி" என்ற சொல் எனக்குக் கோபம் தருகிறது.

தமிழ்நாட்டு விலைக் கதை இந்தச் சட்டத்துக்கு வெகு காலம் முன்பே தொடங்கியது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்று அண்ணா சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். 2006இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். 2006க்குப் பிறகு ஆட்சி மாறினாலும் விலை ஏறவில்லை, இறங்கிக்கொண்டேதான் வந்தது.

நெல்லிலிருந்து கடை வரை

தஞ்சை, திருவாரூர் பக்கம் போனால் அறுவடை நேரத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைப் பார்க்கலாம். தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல், பக்கத்தில் காத்திருக்கும் விவசாயி, 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்கள். நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். விவசாயிக்குக் கிடைப்பது குறைந்தபட்ச ஆதரவு விலை, அதாவது சந்தையில் விலை எவ்வளவு விழுந்தாலும் அரசு இதற்குக் குறையாமல் வாங்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் விலை. சாதாரண ரக நெல்லுக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இதன் மேல் மாநில அரசு தனியாக ஊக்கத்தொகை சேர்க்கிறது.

நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மழையில் நனைந்த நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு விவசாயிகள் போராடுவதும், தளர்வு கொடுங்கள் என்று மாநில அரசு தில்லிக்கு எழுதுவதும் பல ஆண்டுகளாகப் பார்ப்பதுதான். மாநிலம் வாங்கும் நெல்லுக்குத் தில்லி ஏன் அனுமதி தர வேண்டும் என்று பலருக்குப் புரிவதில்லை. அந்த நெல் மத்தியத் தொகுப்பின் கணக்கில் போகிறது. மத்தியத் தொகுப்பு என்றால் நாடு முழுவதும் ரேஷனுக்காக ஒன்றிய அரசின் பொறுப்பில் சேரும் தானிய இருப்பு. 2002 முதல் தமிழ்நாட்டில், நுகர்பொருள் வாணிபக் கழகமே வாங்கி, அரைத்து, இங்கேயே ரேஷனுக்குக் கொடுத்துவிட்டு, செலவை ஒன்றிய அரசிடம் பெற்றுக்கொள்கிறது. பணம் கொடுப்பவரே தரத்தையும் தீர்மானிக்கிறார். அதனால்தான் 17 சதவீதத்துக்கு மேல் வாங்க அங்கிருந்து ஒப்புதல் வர வேண்டும்.

100 கிலோ நெல்லை அவித்து அரைத்தால் 68 கிலோ புழுங்கல் அரிசி ஆலையிலிருந்து வர வேண்டும். அது கிடங்குக்கு வந்து, அங்கிருந்து கடைக்குப் போகும். மாநிலத்துக்கு உள்ளே விளைவது போதாது. மீதியை இந்திய உணவுக் கழகம் வெளிமாநிலங்களிலிருந்து கொண்டுவருகிறது. ஒரு மாதம் நல்ல அரிசி, அடுத்த மாதம் பழுப்பேறிய அரிசி என்று மாறி மாறி வருவதற்கு இது ஒரு காரணம்: எந்த ஆலை, எந்த ஆண்டு அறுவடை, கிடங்கில் எத்தனை மாதம் கிடந்தது என்பதெல்லாம் ஒவ்வொரு லோடுக்கும் மாறும்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடலாம். "பிளாஸ்டிக் அரிசி" என்று வீடியோக்கள் சுற்றின. அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, திரும்ப அரிசி வடிவில் வார்த்து, நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண அரிசியோடு கலந்தார்கள். நிறம் சற்று மாறியிருக்கும், களையும்போது சில தண்ணீரில் மிதக்கும். முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிந்தால் சத்துக்காகச் சேர்த்ததே குப்பைக்குப் போகும்.

கைரேகை யாருக்கு, எதற்கு?

கடையில் விற்பனையாளர் கையில் ஒரு சிறு கருவி இருக்கும். அட்டையைப் பதிந்து, குடும்பத்தில் ஒருவர் விரலை வைத்ததும் உங்களுக்கு என்னென்ன மீதி இருக்கிறது என்று திரையில் வரும். பொருள் போட்டு ரசீது அடித்ததும் பதிவு செய்த கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பருப்புக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் அங்கேயே நின்று கேட்கலாம். அதற்காகத்தான் அந்தக் குறுஞ்செய்தி.

"குடும்பத்தில் எல்லோரும் வந்து கைரேகை வைக்க வேண்டும்" என்று சொல்வது வேறு விஷயம். ஒன்றிய அரசின் பட்டியல் ஆள் கணக்கில் ஓடுகிறது. ஒருவருக்கு 5 கிலோ. இறந்தவர், திருமணமாகிப் போனவர் பெயரில் கணக்கு எழுதக் கூடாது என்பதால் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் சரிபார்க்கச் சொல்கிறார்கள். இது பிஎச்எச், அந்தியோதயா அட்டைகளுக்கு. என்பிஎச்எச் அட்டை அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் இந்தச் சரிபார்ப்பும் அதற்கு இல்லை.

வயதானவர்களுக்கும், வாழ்நாள் முழுவதும் செங்கல், சிமெண்டைத் தொட்ட கைகளுக்கும் ரேகை தேய்ந்திருக்கும், கருவி ஏற்காது. ரேகை விழவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. கருவிழிப் பதிவு உண்டு. நடக்க முடியாதவர் தமக்காக வாங்க இன்னொருவரை எழுதிக் கொடுத்து நியமிக்கலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

கிடைக்காவிட்டால்

"ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில் கேட்காத ரேஷன் அட்டைதாரர் இருக்க மாட்டார். கடையில் இருப்புப் பலகை இருக்க வேண்டும். உணவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் கடையின் இருப்பையும் பார்க்கலாம். எடை குறைவு, தரக்குறைவு, ரசீது தராதது எதுவானாலும் 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் போன்றவற்றுக்கு மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கிறது.

பிஎச்எச், அந்தியோதயா அட்டைதாரர்களுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, உரிய தானியத்தை அரசு தர முடியாமல் போனால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைத் தர வேண்டும். புகார் எழுதும்போது அந்தப் பிரிவு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். அட்டை எண், கடை எண், எந்த மாதம், என்ன பொருள், எத்தனை கிலோ என்று தெளிவாகக் குறிப்பிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.